ஜவ்வரிசியின் நிறம்

போன மாசி மாதக் கடைசியில், நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு ஜவ்வரிசி ஆலையின் களத்தில் நடந்தது இது. நேரம் உச்சி வெயில். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் இருந்திருப்பார்கள். எனக்கு அந்த வெயில்தான் வேண்டியிருந்தது.

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கருவூலத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். வருகிற ஒவ்வொரு பில்லையும் பொய் என்று வைத்துக்கொண்டு, அது தன்னை உண்மை என்று நிரூபிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் பென்ஷனோடு அந்தப் பழக்கமும் வந்து சேர்ந்தது. பால்காரர் ஊற்றும் பால், பக்கத்து வீட்டுக்காரரின் முதுகுவலி, பேரனின் தலைவலி எதையும் நான் முதல் பார்வையில் ஏற்றுக்கொள்வதில்லை என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது புகார் என்று அவள் நினைக்கிறாள். நான் நற்சான்றிதழ் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பொழுது போக வேண்டுமே என்று மகன் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தான். கூடவே வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அப்படிப் படித்தவர்கள் இந்த ஜில்லாவில் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அதில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. கேமராவைத் தானியங்கியில் விட்டால், எதிரே எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது வைத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவரைக் காட்டினால், "இவ்வளவு வெளிச்சமா, இருக்க முடியாது" என்று மட்டுப்படுத்தி அழுக்காக்கிவிடும். கறுப்பு எருமையைக் காட்டினால் வெளிறவைத்துவிடும். எனக்கு அது சக ஊழியரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

இதற்கு மாற்று வழியும் சொல்லியிருந்தார்கள். மேகமில்லாத நல்ல வெயிலில் கேமராவின் அபிப்பிராயத்தைக் கேட்கவே வேண்டாம். ஐ.எஸ்.ஓ. நூறு, அபெர்ச்சர் என்கிற லென்ஸ் துவாரம் பதினாறு, ஷட்டர் ஒரு விநாடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. கையால் வைத்துவிட வேண்டியதுதான். சூரியன் எல்லார் மேலும் ஒரே அளவில் விழுகிறது. எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று யோசிக்காமல், விழுகிற வெளிச்சத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒவ்வொன்றும் அதனதன் நிறத்தில் வரும். விதி என்னவோ சரியாகத்தான் பட்டது. சரிபார்க்காமல் நம்புவது எப்படி?

வெள்ளைக்கு எங்கள் பக்கத்தில் ஜவ்வரிசிக் களத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிமென்ட் தரையில் ஜவ்வரிசியைப் பரப்பியிருப்பார்கள். வெயில் அதில் பட்டு முகத்தில் திருப்பி அடிக்கும். ஸ்கூட்டரை வேலி ஓரம் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். 'அனுமதியின்றி நுழையக் கூடாது' என்று பலகை எதுவும் இல்லை. இல்லை என்று உறுதி செய்த பிறகே நுழைந்தேன். முதல் படத்தைத் தானியங்கியில் எடுத்தேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தால், எதிர்பார்த்தபடி சாம்பல். அடுத்ததில் வெளிச்சத்தை இரண்டு படி கூட்டினேன். இப்போது கண்ணைப் பறிக்கும் வெள்ளை, மணி எது, தரை எது என்று தெரியவில்லை. மூன்றாவது எடுப்பதற்குள் வெயிலை மறைத்துக்கொண்டு ஒரு உருவம் நின்றது.

களத்தில் ஜவ்வரிசியைத் தள்ளிவிட்டுக் கிளறும் பெண்களுக்கு அந்த அம்மாள்தான் தலைவி என்று பார்த்ததுமே தெரிந்தது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் முண்டாசு, கையில் ஆளுயரக் கழி.

"ஏனுங்க, எந்த ஆபீசுங்க நீங்க?"

எந்த ஆபீசும் இல்லை, ரிட்டயர் ஆகிவிட்டேன் என்றேன்.

"ரிட்டயர் ஆனவிங்கதானுங்க சும்மா உக்காந்து மனுவா எழுதிப் போடறாங்க" என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

போன வருடம் இப்படித்தான் ஒருவர் வந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனாராம். ஜவ்வரிசியை வெளுக்க ரசாயனம் போடுகிறார்கள் என்று புகார் போனதாம். பரிசோதனைக்கு எடுத்துப் போன சரக்கு நல்லது என்று பதில் வருவதற்குள் களம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்ததாம். நல்லது என்று பதில் வந்ததே, பிறகென்ன என்றேன். "பதிலு வந்துச்சுங்க. அத்தன நாளு நாங்க என்னத்தத் திங்கறது?" என்று கேட்டார்.

பேசிக்கொண்டே நான் வேறொன்றைக் கவனித்தேன். என் கேமராவைக் கண்டதும், களத்தின் மறுகோடியில் கிழங்கு மாவைத் தெளியவிடும் தொட்டிகள் இருக்கும் கொட்டகையின் தகரக் கதவை ஒருவர் இழுத்துச் சாத்தினார். எனக்கு வேறென்ன வேண்டும்? திறந்திருக்கும் கதவுக்குள் நான் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். சாத்திய கதவென்றால் அதற்குப் பின்னால் என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆலைக்காரருக்குத் தகவல் போய் அவரே வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தூக்கமில்லாத கண்கள். கேமராவைக் கொடுங்கள் என்று கேட்டார். பொருளைப் பறிமுதல் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமானால் நான் காட்டுகிறேன் என்றேன். காட்டினேன். முதல் படத்தைப் பார்த்ததும் முகம் இறுகியது. இரண்டாவது படத்தைப் பார்த்தார். மறுபடி முதல் படம். மறுபடி இரண்டாவது.

"ரண்டுமே இங்க, இப்ப எடுத்ததுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எங்க சூப்பர்வைசர் பொய் சொல்லலைங்க" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

ஆலை வாசலில் தார்ப்பாய் கட்டிய ஒரு லாரி நின்றது. மகாராஷ்டிரத்துக்குப் போக வேண்டிய லோடு. முந்தின நாளே ஏற்றியாயிற்று. வாங்குகிற மொத்த வியாபாரி, கிளம்புமுன் சரக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் செல்போனில் இரண்டு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒன்று சாம்பல் பூத்தது போல, இன்னொன்று சுண்ணாம்பு போல. இதில் எது உன் சரக்கு, ஒன்றைக் காட்டி இன்னொன்றை அனுப்பப் பார்க்கிறாயா என்று கேட்டு வியாபாரி லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவருக்கும் காரணம் உண்டு. வேறெங்கோ ஒரு ஆலைக்காரர் கம்ப்யூட்டரில் வெளுத்த படத்தை அனுப்பி, கலங்கல் சரக்கைத் தலையில் கட்டியிருக்கிறார். இந்த லோடு திரும்பினால் சீசன் கடைசியில் இன்னொருவரைப் பிடிக்க முடியாது, களத்தை இந்த வாரமே நிறுத்த வேண்டியதுதான் என்றார் ஆலைக்காரர். இதைச் சொன்னபோது அந்த அம்மாளும் மற்ற பெண்களும் கழிகளை ஊன்றிக்கொண்டு சுற்றி நின்றார்கள். மரவள்ளிக் கிழங்கு வரத்து முடிகிற நேரம். களம் நின்றால் அடுத்த சீசன் வரை அவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

செல்போன் ஏன் அப்படிச் செய்தது என்று விளக்கினேன். திரையில் வெள்ளையைத் தொட்டு எடுத்தால் அது அழுக்காக்கும், இருட்டான சாக்கைத் தொட்டு எடுத்தால் வெளுத்துக் காட்டும். விரலை வைத்த இடத்தைப் பொறுத்தது. ஆலைக்காரர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க சார். கொஞ்சம் வெள்ளையா வர்ற மாதிரி" என்றார்.

கடைசியில் சொன்ன அந்த ஒரு வரி போதும், கதவுக்குப் பின்னால் எத்தனை டிரம் ரசாயனம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட. கூடக் குறைய எதுவும் செய்ய மாட்டேன், விதிப்படி ஒரே அளவில் வைப்பேன், வருவது வரட்டும், சம்மதமா என்று கேட்டேன். அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். "எடுக்கச் சொல்லுங்க. நம்ம சரக்கு என்ன அழுக்கா?" என்றார் அந்த அம்மாள்.

வெறும் ஜவ்வரிசியை மட்டும் எடுத்தால், அது வெள்ளைதானா என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? சாலைப் பள்ளத்தைப் படம் எடுத்துப் பில்லோடு வைக்கிறவர்கள் பக்கத்தில் அளவுகோலை வைத்துத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அதுபோல எல்லோருக்கும் நிறம் தெரிந்த பொருள் ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றேன். எல்லோருக்கும் தெரிந்த வெள்ளை எது?

இதற்கு நாமக்கல்லில் யாரும் யோசிக்க மாட்டார்கள். சுற்றிலும் கோழிப்பண்ணை. அந்த அம்மாள் ஆள் அனுப்பி ஒரு முட்டை வாங்கி வரச் செய்தார். ஆலைக்காரர் தன் கையாலேயே அதை ஜவ்வரிசியின் நடுவே வைத்தார். லாரி டிரைவர் கூட, "ஐடியா நல்லா இருக்குதுங்க" என்றார். நான் எல்லாவற்றையும் கையால் வைத்தேன். தரை பளீரென்று இருந்ததால், கையேடு சொன்னபடி அபெர்ச்சரை மட்டும் இன்னும் கொஞ்சம் மூடினேன். வண்ணச் சமநிலையையும் கேமராவின் விருப்பத்துக்கு விடாமல் வெயிலுக்கு உரியதில் நிறுத்தினேன். படம் அருமையாக வந்தது. முட்டை வெள்ளை. ஜவ்வரிசி அதற்கு ஒரு மாற்றுக் குறைவாக, மணி மணியாக, மெல்லிய பழுப்பு கலந்த வெள்ளை. வெளுக்கப்பட்ட பொருள் அப்படி இருக்குமா என்று எனக்கே ஒரு கேள்வி எழுந்தது. அதை அப்போது வெளியே சொல்லவில்லை.

படத்தைச் செல்போனுக்கு மாற்றி அனுப்பினோம். போன் உடனே அடித்தது. ஆலைக்காரர் காதில் வைத்த மாத்திரத்தில் தள்ளிப் பிடித்தார். எதிர்முனைச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

மகாராஷ்டிரத்தில் ஜவ்வரிசி யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அங்கே அது விரதத்துக்கு. நாள் முழுதும் அன்னம் தொடாதவர்கள் ஜவ்வரிசியில் கிச்சடி செய்து சாப்பிடுவார்கள். அந்தச் சரக்கின் நடுவில் முட்டையை வைத்து, அதைப் படமும் எடுத்து, விளம்பரம் போல அனுப்பி வைத்திருந்தோம். பிறவியில் முட்டையைக் கையால் தொடாத மனிதராம் அந்த வியாபாரி.

ஆலைக்காரர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், புகார்க்காரனே பரவாயில்லை என்பது தெரிந்தது. "வேணும்னே பண்ணுனீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். நான்கு பேர் பார்க்க முட்டையை வைத்தது அவர் கைதான் என்பதை மட்டும் பதிவு செய்தேன்.

அடுத்த வழியைக் கண்டது அந்த அம்மாள்தான். லாரியைப் பார்த்துக் கழியை நீட்டினார். "டிரைவரண்ணா, வண்டியில தேங்கா வச்சிருப்பீங்கல்ல. அதக் குடுங்க."

டிரைவர் தயங்கினார். தூர லோடு கிளம்பும்போது வண்டிக்கு முன்னால் உடைக்க வைத்திருந்த தேங்காய் அது. "ஒடைச்சா வண்டி கெளம்போணுமுங்க அக்கா. ஒடைச்சுப்போட்டு நின்னா அந்த டிரிப்பே ஆகாது."

"கெளம்பட்டும். நிக்கறதுக்கா ஏத்துனோம்?"

டிரைவர் ஆலைக்காரரைப் பார்த்தார். ஆலைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு முன்னால் முறைப்படி சூடம் காட்டி உடைத்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். ஒரு மூடியை நீர் வடித்து, ஜவ்வரிசியின் மேல் வைத்தோம். அதே அளவு, அதே வெயில். தேங்காய்ப் பருப்பின் வெள்ளையும் பக்கத்தில் ஜவ்வரிசியும். படம் போயிற்று.

இந்த முறை போன் உடனே வரவில்லை. பெண்கள் யாரும் களத்துக்குத் திரும்பவில்லை. உடைந்த தேங்காயோடு ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. கடைசியில் போன் வந்தபோது, படம் எடுத்தது யார் என்று கேட்டிருக்கிறார் வியாபாரி. கருவூலத்து ஆபீசர் ஒருவர் என்று ஆலைக்காரர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவரிடம் கொடு என்று உத்தரவு.

ஆங்கிலத்தில் பேசினோம். படத்தில் எதையாவது திருத்தினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எந்த அளவில் எடுத்தேன், ஏன் அந்த அளவு என்று வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரக்கு சுத்தமா, ரசாயனம் இல்லையா, உங்கள் வார்த்தையை நம்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

சுற்றி நின்ற அத்தனை முகங்களும் என் வாயைப் பார்த்தன. ஆலைக்காரர் தலையை மேலும் கீழும் ஆட்டி, சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு, அந்தக் கொட்டகையைத் திறந்து காட்டுங்கள் என்றேன். காட்ட முடியாது என்றார். போன வருடம் ஒருவரை உள்ளே விட்டுத்தான் பட்டோம், இனி யாருக்கும் திறப்பதில்லை என்றார். நியாயமான பதிலாகவும் இருக்கலாம், வேறு விதமாகவும் இருக்கலாம். அந்தப் பெண்களின் வேலை என் ஒரு சொல்லில் நின்றது. ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது.

கையை எடுத்துவிட்டுச் சொன்னேன். "படம் உண்மை. இன்றைய வெயிலில் இந்தக் களத்தில் கிடக்கும் சரக்கின் நிறம் இதுதான். அதற்கு நான் பொறுப்பு. தொட்டியை நான் பார்க்கவில்லை. லாரிக்குள் இருப்பதும் இதே சரக்குதானா என்று பார்க்கவில்லை. ரசாயனம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது."

ஆலைக்காரருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரிந்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள், "என்ன சொன்னாருங்க?" என்று அவரிடம் கேட்டார். அப்புறம் என்று அவர் கையை அசைத்தார்.

 மறுமுனையில் அந்த வியாபாரி சிரித்தார். இத்தனை வருட வியாபாரத்தில் எல்லோரும் தன்னிடம் சத்தியம்தான் செய்திருக்கிறார்கள், தெரியாது என்று சொன்ன ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். ரசாயனத்தை நான் இங்கே சோதித்துக்கொள்வேன், சாக்கைப் பிரித்தும் பார்ப்பேன், எனக்கு வேண்டியது படத்தை நம்பலாமா என்பது மட்டும்தான், வண்டியை விடச் சொல்லுங்கள் என்றார்.

விடச் சொன்னேன். டிரைவர் ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தார். லாரி வேலியைத் தாண்டிச் சாலையில் ஏறும் வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் கழிகளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார்கள். ஆலைக்காரர் என்னிடம் நன்றி சொல்லவில்லை. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க சார் கஷ்டம்? எனக்கு உசுரே போயிருச்சு" என்றார். பிறகு ஒரு பை நிறைய ஜவ்வரிசி கொடுத்தனுப்பினார். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பிடியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முகர்ந்து, விரலில் நசுக்கிப் பார்த்தேன். கண்ணுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அன்று பாயசம் வைக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். மனைவி கேட்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். முண்டாசும் சட்டையும் இல்லாமல் முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் பக்கத்தில் வந்து நின்றார். லோடு போய்ச் சேர்ந்ததாம். அங்கே சோதித்துப் பார்த்து, ஒரு மூட்டைகூடக் கழிக்காமல் இறக்கிக்கொண்டார்களாம். களம் இன்னும் ஓடுகிறதாம். "அன்னைக்கு நீங்க இங்கிலீசுல என்ன சொன்னீங்கன்னு அப்பறம்தான் மொதலாளி சொன்னாருங்க. அடப்பாவி மனுசான்னு நெனச்சனுங்க" என்றார். வாழப்பாடியில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, "வாரனுங்க சாமி" என்று பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

இப்போது எங்கள் தெருவில் யாராவது கல்யாணத்துக்குப் பையனைப் பற்றியோ, குடிவரப் போகிறவரைப் பற்றியோ விசாரிக்க வந்தால், இதை நான் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை என்று பிரித்துத்தான் சொல்கிறேன். சிலர் முகம் சுளித்துக்கொண்டு போகிறார்கள். சிலர் உட்கார்ந்து மேற்கொண்டு கேட்கிறார்கள். சந்தேகம் என்னை விட்டுப் போய்விடவில்லை. என் கண் பார்த்தது எங்கே முடிகிறது, என் சந்தேகம் எங்கே தொடங்குகிறது என்று எதிரில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டுச் சந்தேகப்படப் பழகிக்கொண்டேன்.